பில்லை விழுங்கிய டேப்: செவ்வாய்ப்பேட்டை கணக்கு அலுவலகத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அலுவலகம். கீழே வெள்ளிக் கடை, மேலே கணக்கு. சிவதாபுரம், பனங்காடு பக்கத்துக் கொலுசுப் பட்டறைகள் பலவற்றுக்கு இவர்கள்தான் பில் போட்டுக் கொடுக்கிறார்கள், மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கலும் செய்கிறார்கள். மூன்று கம்ப்யூட்டர், மூன்று பேர்: மூத்த கணக்கர் ஒருவர், பில் போடும் அக்கா ஒருவர், பணம் கட்டுவதும் தாக்கல் செய்வதும் பார்க்கும் தம்பி ஒருவர். பில் மென்பொருள் பிரவுசரிலேயே ஓடுவது. உள்ளூர்க்காரர் ஒருவர் பல வருடங்களுக்கு முன் எழுதிக் கொடுத்தது.

கம்ப்யூட்டர் சர்வீஸ் என் தொழில். அங்கிருந்து போனில் வந்த புகார் இது: "பில் போட்டுட்டு இருக்கும்போதே பில் காணாமப் போகுதுங்க. நெட்டா, வைரஸா, வந்து பாருங்க." அன்று 9-ஆம் தேதி. மாதாந்திரத் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவர அறிக்கை போயாக வேண்டும். அவசரம் புரிந்தது.

நெட்டில் கோளாறு இல்லை, வைரஸும் இல்லை. ஒரு லிங்க்கை அழுத்தினால் புது விண்டோ எங்கே திறக்க வேண்டும் என்ற அமைப்பை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். அதைச் சரிசெய்யப் போன இடத்தில் மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களிலும் அதே வகையறாத் தொல்லைகள் வேறு வேறு முகத்தோடு இருந்தன. அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கத் தோன்றியது.

அக்காவின் கம்ப்யூட்டர்

இதில் ஃபயர்பாக்ஸ் பிரவுசர். கொலுசு பில் என்றால் ஜோடி எத்தனை, எடை எவ்வளவு, டச் (வெள்ளியின் தரம்) என்ன, கூலி என்ன என்று வரி வரியாக அடிக்க வேண்டும். அப்புறம் 'பார்ட்டி' என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு விண்டோவில் வாடிக்கையாளர் பட்டியல் வரும். பெயரைத் தொட்டதும் அந்த விண்டோ மூடிக்கொள்ளும். பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் பில்லில் வந்து உட்காரும். மென்பொருள் எழுதியவர் வைத்த வழி அது.

அக்கா அழுத்திக் காட்டினார். பட்டியல் வந்தது, ஆனால் பில் இருந்த அதே டேப்பில், பில்லுக்கு மேலேயே. பெயரைத் தொட்டால் எந்த அசைவும் இல்லை. பின்னால் போகும் அம்புக்குறியை அழுத்தியதும் பில் திரும்பி வந்தது, கட்டங்கள் எல்லாம் காலியாக.

"பார்ட்டி பேரை நான் முதல்லயே போட்டுக்கறேன் தம்பி, அது பழகிப்போச்சு. ஆனா நான் ஒண்ணுமே தொடாதப்பவும் போகுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பில்லில் ஏழெட்டு வரி ஏறியிருக்கும். கீழே பட்டையில் வாட்ஸ்அப் மின்னியது. முதலாளி அன்றைய வெள்ளி விலைக்கான லிங்க்கை அனுப்பியிருந்தார். அக்கா அதை அழுத்தினார், விலையைப் பார்த்தார், காகிதத்தில் குறித்துக்கொண்டார், பில்லுக்குத் திரும்பினார். பில் இல்லை. விலைப் பக்கம் பில் இருந்த டேப்பிலேயே ஏறியிருந்தது.

"நான் தொட்டது வாட்ஸ்அப்பைத்தானுங்களே!" என்றார். நியாயமான பேச்சு. வேறொரு செயலியில் அழுத்திய லிங்க், பிரவுசரில் திறந்து கிடக்கும் வேலையை அழிக்கும் என்று யார் நினைப்பார்கள்?

மூன்று எண்கள்

ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் 'அபௌட்' போட்டு, முக்காற்புள்ளி வைத்து, 'கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் எச்சரிக்கைப் பக்கம் வரும். அதைத் தாண்டினால் உள் அமைப்புகளின் பட்டியல். அங்கே தேடும் கட்டத்தில் 'ஓப்பன்', ஓர் அண்டர்ஸ்கோர், 'நியூவிண்டோ' என்று சேர்த்து அடித்தால் நமக்கு வேண்டிய வரிகள் மட்டும் நிற்கும்.

முதல் வரி, புது விண்டோ கேட்கும் லிங்க்கை எங்கே திறப்பது என்பதற்கானது. 1 என்றால் இருக்கும் டேப்பிலேயே, 2 என்றால் தனி விண்டோவில், 3 என்றால் புது டேப்பில். ஃபயர்பாக்ஸ் வரும்போது 3 இருக்கும். இங்கே 1 இருந்தது.

அதே பெயரின் கடைசியில் 'ரெஸ்ட்ரிக்‌ஷன்' சேர்ந்த வரி இரண்டாவது. பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தானே விண்டோ திறக்கச் சொல்லும்போது முதல் வரியின் விதியை எவ்வளவு தூரம் அமல்படுத்துவது என்பதை இது சொல்லும். 0 என்றால் எல்லாவற்றுக்கும் அதே விதி. 1 என்றால் நிரல் கேட்டபடி விண்டோவாகவே விட்டுவிடு. 2 என்றால், அகலம் உயரம் குறித்துக் கேட்ட விண்டோக்களை மட்டும் விட்டுவிடு, மற்றவற்றுக்கு விதியைப் போடு. வழக்கமாக 2. இங்கே 0.

மூன்றாவது, வெளிச் செயலிகளிலிருந்து வரும் லிங்க்குகளுக்கானது. அதில் வழக்கமான -1தான் இருந்தது. '-1' என்றால் தனி விதி கிடையாது, முதல் வரியில் உள்ளதையே பின்பற்று என்று அர்த்தம். முதல் வரியில் 1 இருந்ததால் வாட்ஸ்அப் லிங்க்கும் பில் மேலேயே போய் விழுந்தது. 'தொடாமலே காணாமல் போகுது' என்பதன் விளக்கம் அவ்வளவுதான்.

முதல் வரியில் 1, இரண்டாவது வரியில் 0 என்ற இந்த ஜோடிதான் பார்ட்டி பட்டியலையும் கெடுத்தது. அளவு குறித்துக் கேட்ட சிறு விண்டோவைக்கூட விடாமல், பில் இருக்கும் டேப்பிலேயே ஏற்றிவிட்டது. பெயரைத் தொட்டால் ஏன் அசைவில்லை? நிரல் ஒரு விண்டோவைத் திறக்கும்போது, 'என்னைத் திறந்தவர் இவர்' என்ற பிடிமானம் புது விண்டோவுக்குக் கிடைக்கும். ஓப்பனர் என்று அதற்குப் பெயர். பட்டியல் அந்தப் பிடியைக் கொண்டுதான் பில் பக்கத்தில் பெயரை எழுதுகிறது. இங்கே திறந்த பக்கமும் திறக்கப்பட்ட பக்கமும் ஒரே டேப். பில் பக்கமே போய்விட்டது. பெயரை எழுத ஆள் இல்லை.

கண்டுபிடிக்க நேரமாக்கிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கம்ப்யூட்டரின் சாதாரண செட்டிங்ஸ் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. 'லிங்க்குகளைப் புது விண்டோவுக்குப் பதில் டேப்பில் திற' என்ற பொருளில் இருக்கும் வரியில் டிக் இருந்தது. டிக்குக்கு இரண்டு நிலைதான், உள்ளே இருக்கும் எண்ணுக்கு மூன்று நிலை. 2 ஆக இல்லாதவரை டிக் விழுந்தே காட்டும், அதனால் 1 இருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு 3 போலத்தான் இருக்கும். செட்டிங்ஸ் பக்கத்தை மட்டும் பார்த்து "எல்லாம் சரியா இருக்குங்க" என்று முன்னால் வந்து போனவர் சொன்னதில் தப்பு சொல்ல முடியாது.

மாற்றியும் திரும்பி வந்தது

1-ஐ 3 ஆக்கினேன், 0-ஐ 2 ஆக்கினேன். பார்ட்டி பட்டியல் சிறு விண்டோவாக வந்தது, பெயர் உட்கார்ந்தது. அக்கா கிளம்பச் சொன்னார். பிரவுசரை ஒருமுறை மூடித் திறந்து பார்க்காமல் இந்த மாதிரி மாற்றங்களை நம்புவதில்லை. மூடித் திறந்தால், மறுபடி 1, மறுபடி 0.

இப்படி எண் பழையபடி மாறினால் பார்க்க வேண்டிய இடம், பிரவுசர் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் புரொஃபைல் ஃபோல்டர். உதவி மெனுவில் கோளாறு விவரங்கள் பக்கத்துக்குப் போனால் அந்த ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கும். உள்ளே 'யூசர்' என்ற பெயரில் ஒரு ஜேஎஸ் கோப்பு. ஃபயர்பாக்ஸ் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் இதைப் படித்து, இதில் உள்ள எண்களை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகப் போட்டுவிடும். அந்தக் கோப்பில் நான்கைந்து வரிகள். நமது இரண்டு எண்களும் அதில்.

விசாரித்தால், முதலாளியின் மச்சான் மகன், கல்லூரிப் பையன், விளம்பர விண்டோக்கள் மழை மாதிரி கொட்டுகின்றன என்று ஏதோ வீடியோவைப் பார்த்துப் போட்டது. அவன் நோக்கத்தில் பழுதில்லை. விளம்பரத் தொல்லை நின்றும்போனது. ஆனால் அந்தத் தொல்லைக்கு, தானாக எழும் விண்டோக்களை (பாப்அப்) நிறுத்தும் பாப்அப் தடுப்பு என்று தனி ஏற்பாடு இருக்கிறது. இந்த எண் அதற்கான கருவி இல்லை.

கோப்பை அழித்தால் மட்டும் போதாது. அது போட்ட எண்கள் புரொஃபைலின் இன்னொரு கோப்பில் ஏற்கெனவே பதிந்திருக்கும். அழித்த பிறகு கான்ஃபிக் பக்கத்தில் அந்த வரிகளைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். திருப்பினேன், மூடித் திறந்தேன், 3-ம் 2-ம் நின்றன.

கூடவே இன்னொன்றும் செய்தேன். புக்மார்க் பட்டையில் உள்ள எதையாவது அழுத்தினால் அது இருக்கும் டேப்பிலேயே திறப்பதுதான் ஃபயர்பாக்ஸின் வழக்கம். பாதி பில்லில் இருக்கும்போது கை தவறினால் அதே கதி. 'லோட்புக்மார்க்ஸ்இன்டேப்ஸ்' என்று முடியும் வரியை 'ட்ரூ' ஆக்கினால் புக்மார்க் எப்போதும் புது டேப்பில் திறக்கும். என்னைக் கேட்டால், பில், விண்ணப்பம், பதிவேடு என்று படிவத்திலேயே நாள் முழுக்க இருப்பவர்களின் கம்ப்யூட்டரில் முதலில் மாற்ற வேண்டியது இதுதான்.

பதில் சொல்லும் விண்டோ, சொல்லாத விண்டோ

மூத்த கணக்கரின் வழக்கு நேர் எதிர். அவரிடம் குரோம், சிறிய திரை லேப்டாப். அவருக்குச் சிறு விண்டோவே பிடிக்காது. பார்ட்டி பட்டியல், பொருள் பட்டியல், பிரிண்ட் என்று ஒவ்வொன்றும் தனித்தனி விண்டோவாகத் திறந்து, ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்து, மாலைக்குள் கீழ்ப் பட்டையில் ஒரு கும்பலே நிற்கும். "எல்லாத்தையும் டேப்பா மாத்திக் குடுங்க தம்பி, மேல வரிசையா நிக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவருக்கு ஒரு குறை முக்கியமாக இருந்தது. பிரிண்ட் அழுத்தினால் சில நேரம் ஒன்றுமே வருவதில்லை. பார்த்தபோது, வந்துதான் இருந்தது. மென்பொருள் பிரிண்ட் விண்டோவுக்கு ஒரு பெயர் வைத்துத் திறக்கிறது. அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று திறந்திருந்தால் புதிதாகத் திறக்காமல் அதிலேயே அடுத்த பில்லை ஏற்றிவிடும். முந்தைய பிரிண்ட் விண்டோவை அவர் மூடாமல் கீழே தள்ளி வைத்திருந்தார். புது பில் அதற்குள் ஏறி, கண்ணில் படாமலே உட்கார்ந்திருந்தது. விண்டோவை முன்னால் கொண்டுவரும் கட்டளையைத் தனியாக எழுத வேண்டும். எழுதியவர் அதை விட்டிருந்தார்.

இந்த மென்பொருளின் பழக்கவழக்கங்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் காலத்தவை. அதில் டேப் வந்ததே 2006-இல், ஏழாம் பதிப்போடு. பாப்அப் வந்தால் விண்டோவில் திறப்பதா, டேப்பில் திறப்பதா, பிரவுசரே முடிவு செய்வதா என்று கேட்கும் மூன்று தேர்வும் அதன் செட்டிங்ஸிலேயே வெளிப்படையாக இருந்தன. 2022 ஜூன் 15-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது. குரோமில் அப்படி ஒரு தேர்வே கிடையாது. பக்கம் அளவு குறித்துக் கேட்டால் தனிச் சிறு விண்டோ, குறிக்காவிட்டால் டேப். பயன்படுத்துபவர் சொல்வதற்கு இடமில்லை. இந்த விஷயத்தில் குரோம் செய்வது எனக்கு உவப்பில்லை.

எனவே பில் வேலையை மட்டும் ஃபயர்பாக்ஸுக்கு மாற்றச் சொன்னேன். அவருக்கு முதல் வரியில் 3, இரண்டாவது வரியில் 0. அக்காவிடம் கெடுதல் செய்த அதே 0-தான். பக்கத்தில் 1 இருக்கும்போது அது பில்லை அழித்தது. 3 இருக்கும்போது பட்டியலைப் புது டேப்பில் திறக்கிறது. பில் அதன் டேப்பில் அப்படியே இருக்கிறது, ஓப்பனர் பிடி அறுவதில்லை, பெயரைத் தொட்டால் பட்டியல் டேப் மூடி பில் முன்னால் வருகிறது. அக்காவுக்கும் இதையே வைத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் ஒப்பவில்லை. பட்டியலைப் பார்க்கும்போது எடைக் கணக்கும் பக்கத்தில் தெரிய வேண்டுமாம். சிறு விண்டோ என்றால் தெரியும், டேப் என்றால் மறைந்துவிடும். சரிதான். அலுவலகம் முழுக்க ஒரே அமைப்பு என்று நான் வற்புறுத்தவில்லை.

மென்பொருள் எழுதியவரிடம் போனில் பேசியபோது, "பார்ட்டி பட்டியலை சாதா லிங்க்கா மாத்திடறேன், புது டேப்ல திறக்கற மாதிரி டார்கெட் பிளாங்க் போட்டுடறேன், முடிஞ்சுது" என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். அப்படித் திறக்கும் லிங்க்குக்கு ஓப்பனர் பிடி கொடுப்பதை ஃபயர்பாக்ஸ் 2020-இலேயே நிறுத்திவிட்டது, குரோம் 2021-இல். திறக்கப்பட்ட அந்நியப் பக்கம் திறந்த பக்கத்தை வேறெங்காவது திருப்பிவிடும் ஆபத்தைத் தடுக்கத்தான். நல்ல மாற்றம். ஆனால் பதில் எழுத வேண்டிய பட்டியலை அந்த வழியில் திறந்தால் பெயரைத் தொட்டாலும் மறுபடி அசைவிருக்காது. பிடி வேண்டும் என்று லிங்க்கில் தனியாகக் குறிப்பிட்டால்தான் கிடைக்கும்.

இந்த வழக்கில் எனக்குப் பிடிபட்ட பிரிவு இது. வெள்ளி விலைப் பக்கம் போன்றவை வெறுமனே காட்டிவிட்டுப் போகும் விண்டோக்கள். அவற்றை எங்கே திறந்தாலும் ஒன்றும் கெடாது, வேலை இருக்கும் டேப்பில் திறக்காதவரை. பார்ட்டி பட்டியல் போன்றவை திறந்த பக்கத்துக்குப் பதில் கொண்டுவர வேண்டியவை. ஓர் அலுவலகத்தில் எண்ணை மாற்றுமுன் அங்கே எந்த விண்டோ எந்த ரகம் என்று பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தம்பியின் கம்ப்யூட்டர்

இங்கே சிக்கல் விண்டோ திறக்காதது. பணம் கட்டும் தளம் ஒன்றில் பொத்தானை அழுத்தினால் வங்கியின் விண்டோ திறக்க வேண்டும். காலையில் திறக்கிறது, சாயங்காலம் பல நேரம் திறப்பதில்லை. "சர்வர் டவுன்" என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

காலை, மாலை என்று சொன்னதும் வேகம்தான் விஷயம் என்று தோன்றியது. பாப்அப் தடுப்பு, நாம் அழுத்தியதால் திறக்கும் விண்டோவை விடும். தானாகத் திறப்பதைத் தடுக்கும். நாம் அழுத்தியதன் செல்வாக்கு குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் சுமார் 5 விநாடிதான் நிற்கும். இந்தத் தளம் பொத்தானை அழுத்திய உடனே விண்டோவைத் திறப்பதில்லை. முதலில் தன் சர்வரிடம் கேட்டு, பதில் வந்த பிறகு திறக்கிறது. நெட் வேகமாக இருந்தால் பதில் 5 விநாடிக்குள் வந்துவிடும். சாயங்காலம் நெட் இழுத்தால் பதில் வருவதற்குள் நேரம் கடந்து, அது தானாகத் திறக்கும் விண்டோவாகக் கணக்காகித் தடுக்கப்படும். முகவரிப் பட்டையின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி மட்டும் வரும். பணம் கட்டும் அவசரத்தில் அதை யார் பார்ப்பது?

ஊகத்தோடு விடவில்லை. குரோமின் டெவலப்பர் கருவியில் நெட் வேகத்தைச் செயற்கையாகக் குறைக்கும் வசதி உண்டு. 3ஜி வேகத்துக்குக் குறைத்து அழுத்தினால் விண்டோ வரவில்லை, ஓரத்தில் குறி வந்தது. வேகத்தைத் திருப்பிக் கொடுத்தால் வந்தது.

தீர்வு, அந்தத் தளத்துக்கு மட்டும் பாப்அப் அனுமதி. தம்பி ஏற்கெனவே அனுமதிப் பட்டியலில் ஒரு முகவரி சேர்த்திருந்தார், பலிக்கவில்லை. சேர்த்தது வங்கியின் முகவரி. அனுமதி தர வேண்டியது திறக்கப்படும் பக்கத்துக்கு இல்லை, திறக்கும் பக்கத்துக்கு. பணம் கட்டும் தளத்தின் முகவரியைச் சேர்த்ததும் குறைந்த வேகத்திலும் விண்டோ வந்தது. தடுப்பை மொத்தமாக நிறுத்திவிடலாமே என்று கேட்டார். பணம் புழங்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்ய மாட்டேன்.

அவரே இன்னொன்றும் கேட்டார். ஒரு பட்டறைக்குத் தாக்கல் செய்துகொண்டிருக்கும்போது புது விண்டோ திறந்து அடுத்த பட்டறையின் கணக்கில் நுழைந்தால், முதல் விண்டோவும் அடுத்தவர் கணக்குக்கு மாறிவிடுகிறது, இல்லையென்றால் வெளியே தள்ளிவிடுகிறது. உள்ளே நுழைந்தவர் யார் என்று தளம் பிரவுசரில் வைக்கும் குறிப்புதான் குக்கீ. விண்டோ எத்தனை திறந்தாலும் ஒரே பிரவுசர் புரொஃபைலில் அது ஒன்றுதான். தளத்துக்கு நீங்கள் ஒரே ஆள். பிரைவேட் விண்டோ ஒரு தடவை கைகொடுக்கும். இரண்டாவது பிரைவேட் விண்டோவும் முதல் பிரைவேட் விண்டோவின் குக்கீயையே பகிர்ந்துகொள்ளும். ஃபயர்பாக்ஸுக்கு மொசில்லாவே தரும் மல்டி-அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் என்ற நீட்சியைப் போட்டுக் கொடுத்தேன். டேப்புக்கு டேப் நிறம் மாறும், நிறத்துக்கு ஒரு குக்கீக் கூடை. ஒரு பட்டறைக்கு ஒரு நிறம். தாக்கல் வேலையை இதில் செய்யத் தொடங்கியிருக்கிறார். பணம் கட்டுவது மட்டும் குரோமிலேயே தொடர்கிறது.

அந்த மாத ஜிஎஸ்டிஆர்-1 நேரத்துக்குப் போனது. 20-ஆம் தேதி, மாத வரிச் சுருக்க அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-3பி சமயத்தில் போன் செய்து கேட்டபோது பில் காணாமல் போகும் புகார் மறுபடி வரவில்லை. மூத்த கணக்கர் மட்டும், குரோமில் இருந்த பழைய புக்மார்க் எல்லாம் ஃபயர்பாக்ஸுக்கு வரவில்லை என்று குறைப்பட்டார். பிரவுசரை மாற்றும் அன்றே அதையும் இறக்குமதி செய்து தருவது நல்லது. அடுத்த தடவை போய் செய்து கொடுத்தேன்.

எண்களைப் பூட்டி வைக்கவும் வழியுண்டு. ஃபயர்பாக்ஸ் நிறுவிய ஃபோல்டருக்குள் 'டிஸ்ட்ரிப்யூஷன்' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, அதில் பாலிசி கோப்பு போட்டால் யாராலும் கான்ஃபிக் பக்கத்தில் மாற்ற முடியாது. முப்பது கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் அதைச் செய்வேன். மூன்று பேர் இருக்கும் அலுவலகத்தில், ஆளுக்கு ஒரு விருப்பம் இருக்கும்போது, அது தேவைப்படவில்லை. எந்தக் கம்ப்யூட்டரில் எந்த எண் என்று ஒரு தாளில் எழுதி, அவரவர் மானிட்டர் பின்னால் ஒட்டிவிட்டு வந்தேன். மச்சான் மகனிடமும் சொல்லியிருக்கிறது.

பிரிண்ட் விண்டோ மட்டும் பாக்கி. டேப்பாக மாறிய பிறகும் பழைய பிரிண்ட் டேப் திறந்திருந்தால் புது பில் அதற்குள்தான் ஏறுகிறது. ஒவ்வொரு பில்லுக்கும் பில் எண்ணையே விண்டோ பெயராக வைக்கலாம், அல்லது முன்னால் கொண்டுவரும் கட்டளையைச் சேர்க்கலாம் என்று மென்பொருள்காரருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டாவதைச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பிரிண்ட் எடுத்ததும் அந்த டேப்பை மூடிவிடும்படி கணக்கரிடம் சொல்லி வைத்திருக்கிறது.